பணிநிலையக் கணினிக்கான கிராஃபிக்ஸ் கார்டுகள்: 70 வாட்டிலிருந்து 600 வாட் வரை ஓர் அலசல்

கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டில் மட்டுமே வேலை செய்பவரின் கணினியில் 300 வாட் கார்டு நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். அடுத்த மேசையில் ரெண்டர் (மாதிரியிலிருந்து நிஜம்போன்ற படம்) எடுப்பவர் 8 ஜிபி கார்டோடு மல்லுக்கட்டி, காட்சியைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டிருப்பார். ஒரே அலுவலகத்தில் இந்த இரண்டையும் சாதாரணமாகப் பார்க்கலாம். மாடல் எண் பெரிதாக இருந்தால் கார்டும் நல்லது என்ற நினைப்பில் வாங்குவதால் வரும் கோளாறு இது. தொழில்முறைக் கார்டில் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: உங்கள் மென்பொருள் கார்டை உண்மையில் எவ்வளவு பயன்படுத்துகிறது, நினைவகம் எத்தனை ஜிபி, கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (மின்வழங்கி) அந்தக் கார்டைத் தாங்குமா. கோர்களின் எண்ணிக்கைக்கு அதன் பிறகுதான் இடம்.

இங்கே எடைபோடப்படுபவை என்விடியாவின் அடா தலைமுறைக் கார்டுகள், 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் புரோ பிளாக்வெல் வரிசை, ஏஎம்டியின் ரேடியான் புரோ டபிள்யூ7000 வரிசை, இன்டெலின் ஆர்க் புரோ பி50 ஆகியவை. விளையாட்டுக்கான ஜிஃபோர்ஸ் கார்டு போதாதா என்ற கேள்வி எப்படியும் வரும் என்பதால் அதற்கும் இடம் உண்டு.

முதலில் பெயர்

"ஒரு 4000 கார்டு அனுப்புங்கள்" என்று ஆர்டர் கொடுத்தால் ஐந்து வெவ்வேறு பொருள்களில் எது வேண்டுமானாலும் வந்து இறங்கலாம். 2018ஆம் ஆண்டின் குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 4000 என்பது 8 ஜிபி, 160 வாட். 2021இன் ஆர்டிஎக்ஸ் ஏ4000 என்பது 16 ஜிபி, 140 வாட். 2023இன் ஆர்டிஎக்ஸ் 4000 அடா 20 ஜிபி, 130 வாட். அதே ஆண்டில் அதே 20 ஜிபியோடு, உயரம் குறைந்த உடலில் 70 வாட்டில் வந்தது ஆர்டிஎக்ஸ் 4000 எஸ்எஃப்எஃப் அடா. 2025இன் ஆர்டிஎக்ஸ் புரோ 4000 பிளாக்வெல் 24 ஜிபி. குவாட்ரோ என்ற பெயரை என்விடியா 2020இலேயே கைவிட்டுவிட்டது. கடைகளிலும் அலுவலகங்களிலும் வாய்ப்பேச்சில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

6000 வரிசையில் இதே குழப்பத்துக்கு விலை அதிகம். குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 6000இல் 24 ஜிபி, ஆர்டிஎக்ஸ் ஏ6000இல் 48, ஆர்டிஎக்ஸ் 6000 அடாவில் 48, ஆர்டிஎக்ஸ் புரோ 6000 பிளாக்வெல்லில் 96. நடுவில் உள்ள இரண்டிலும் நினைவக அளவு ஒன்றே என்பதால், ஏ6000ஐக் காட்டி அடாவின் விலையைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. விலைப்புள்ளியில் தலைமுறைப் பெயர், ஜிபி, வாட் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒன்று இல்லை என்றாலும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

ரெவிட்டில் பெரிய மாதிரியைத் திறப்பது, மையக் கோப்போடு சிங்க் செய்வது, சாலிட்ஒர்க்ஸில் ரீபில்ட், ஆட்டோகேடில் ரீஜென் ஆகிய எல்லாமே பெரும்பாலும் சிபியுவின் ஒற்றைக் கோர் செய்யும் வேலை. இவை இழுக்கிறது என்பதற்காகக் கார்டை மாற்றினால் காத்திருப்பு குறையாது. மாதிரியைச் சுழற்றும்போது, பெரிதாக்கும்போது, நிழலும் வெளிப்படைத்தன்மையும் போட்டு நகர்த்தும்போது திக்கினால்தான் கார்டின் பக்கம் திரும்ப வேண்டும்.

சோதிப்பது எளிது. தினமும் கையாளும் மாதிரிகளில் மிகப் பெரியதைத் திறந்து, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மாதிரியை அரை நிமிடம் தொடர்ந்து சுழற்றுங்கள். 3டி வரைபடம் உச்சியைத் தொட்டு நின்றால் கார்டு திணறுகிறது. அது 30, 40 சதவீதத்தில் இருக்க, சிபியுவின் ஒரு கோர் மட்டும் முழுதாக ஓடினால் கார்டின் மேல் குற்றமில்லை. கீழே 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்; அது கார்டின் மொத்த நினைவகத்தை நெருங்கினால், வேகம் எப்படி இருந்தாலும் அடுத்த கார்டு பெரிய நினைவகத்தோடுதான் வர வேண்டும். ரெண்டரிங் மென்பொருளைச் சோதிக்கும்போது 3டி வரைபடம் பூஜ்யத்தில் கிடப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். கூடா (CUDA, என்விடியா கார்டில் கணக்கீடுகளை ஓட்டும் அமைப்பு) வேலை அந்த வரைபடத்தில் ஏறாது. கீழிறங்கு பட்டியலில் கூடாவைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்கு எளிய விஷயம்: மானிட்டர் கேபிள் மதர்போர்டின் போர்ட்டில் செருகியிருக்கும். கார்டு போட்டும் வேகமே இல்லை என்ற புகார்களில் கணிசமானவை அங்கே முடிந்துவிடுகின்றன.

70 வாட்: பெரும்பாலோருக்கு இதுவே போதும்

ஆர்டிஎக்ஸ் 2000 அடாவில் 16 ஜிபி நினைவகம், 2816 கூடா கோர்கள், நொடிக்கு 224 ஜிபி நினைவக வேகம். பிசிஐஇ ஸ்லாட் தரும் உச்ச மின்சாரம் 75 வாட். இந்தக் கார்டு 70 வாட்டில் அடங்குவதால் தனி மின்கேபிள் தேவையில்லை. உயரம் குறைந்த உடல், ஆனால் இரண்டு ஸ்லாட் அகலம். சிறிய கேபினெட்டுகளில் இடறுவது பெரும்பாலும் இந்த அகலம்தான்: ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் வேறு கார்டோ ஹார்ட் டிஸ்க் கூண்டோ இருந்தால் உள்ளே போகாது. பெட்டியில் குட்டை பிராக்கெட், முழு உயர பிராக்கெட் இரண்டும் இருக்கின்றனவா என்பதைக் கார்டு கைக்கு வந்த அன்றே பார்த்துவிடுங்கள்.

இரு பரிமாண வரைபடம், நடுத்தர அளவு அசெம்பிளி, ரெவிட், ஸ்கெட்ச்அப், அவ்வப்போது ஒரு ரெண்டர் என்று போகும் மேசைக்கு இதைத் தாண்டி வாங்கக் காரணமே இல்லை. மிச்சமாகும் பணத்தை வேகமான சிபியுவிலும் 64 ஜிபி ராமிலும் போட்டால் பலன் அன்றாடம் தெரியும். முந்தைய ஏ2000இன் நினைவக வேகம் நொடிக்கு 288 ஜிபி, அதாவது புதியதைவிட அதிகம். அடா தலைமுறையில் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் (அதிவேக இடைநினைவகம்) பல மடங்கு பெரிதாக்கப்பட்டதால் பெரும்பாலான வேலைகளில் இந்தக் குறை வெளியே தெரியாது. ஏ2000 6 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு வடிவில் வந்தது; 6 ஜிபி இன்று எந்த விலைக்கும் வேண்டாம்.

வெளியீடுகள் நான்கும் மினி டிஸ்பிளேபோர்ட் 1.4ஏ. எச்டிஎம்ஐ கிடையாது. எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள 4கே திரையோடு மலிவான பாசிவ் அடாப்டர் போட்டால் பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். மவுஸ் அம்புக்குறி இழுபடுவதுபோல் இருப்பது இதனால்தான். 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ஆக்டிவ் அடாப்டர் வாங்குங்கள், அல்லது டிஸ்பிளேபோர்ட் உள்ள திரையைத் தேர்ந்தெடுங்கள்.

இதே 70 வாட்டுக்குள் இன்டெலின் ஆர்க் புரோ பி50உம் 16 ஜிபி தருகிறது. நினைவக வேகமும் அதே 224. விலை குறைவு என்பதால் கவனிக்கத் தக்கது. ஆனால் இரண்டு நிபந்தனைகள். பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் சிபியு ஒரே வீச்சில் அணுகும் வசதி) இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத பழைய கணினியில் இந்தக் கார்டு பாதி வேகத்துக்கும் தடுமாறும். உங்கள் மென்பொருளின் சரியான பதிப்பு, அந்தக் கார்டில் சோதித்து ஏற்கப்பட்டவற்றின் சான்றளிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏஎம்டியின் டபிள்யூ7500 ஒற்றை ஸ்லாட்டில் அடங்கிவிடும் நல்ல கார்டு, 70 வாட்தான். ஆனால் 8 ஜிபி என்பது அதற்கு இப்போதே சிறை.

ஒற்றை ஸ்லாட்டில் 20 ஜிபி

இந்த வரிசையில் மிகவும் சமநிலையான கார்டு ஆர்டிஎக்ஸ் 4000 அடாதான். 6144 கோர்கள், 20 ஜிபி, 130 வாட், ஒற்றை ஸ்லாட். சூடான காற்றைப் பின்பக்கமாகக் கேபினெட்டுக்கு வெளியே தள்ளும் புளோயர் விசிறி என்பதால் நெருக்கமான இடத்திலும் ஓடும். ரெண்டரிங்கைத் தினசரி வேலையாக வைத்திருக்கும் கட்டட வடிவமைப்பாளர், பெரிய அசெம்பிளிகளைச் சுழற்றும் இயந்திரப் பொறியாளர் இருவருக்கும் இதுதான் தொடக்கப் புள்ளி.

இதன் பலவீனம் நினைவக வேகம். முந்தைய ஏ4000இல் நொடிக்கு 448 ஜிபி இருந்தது, இதில் 360. ரெண்டரிங்கில் புதியது தெளிவாக முந்துகிறது. திரவ ஓட்டக் கணிப்பு போல, பெரிய தரவை நினைவகத்திலிருந்து இடைவிடாமல் இழுக்கும் வேலைகளில் கேஷின் உதவி குறைந்துவிடுவதால் எதிர்பார்த்த பாய்ச்சல் கிடைக்காது. பிளாக்வெல் தலைமுறையின் புரோ 4000 ஜிடிடிஆர்7 நினைவகத்தோடு 672க்கு ஏறிவிட்டது. அதுவும் ஒற்றை ஸ்லாட், சுமார் 140 வாட், 24 ஜிபி. இரண்டும் அருகருகே விலையில் கிடைத்தால் புதியதை எடுக்க யோசிக்க வேண்டாம்.

4000 எஸ்எஃப்எஃப் அடாவைத் தனியாகப் பாருங்கள். சிப் அதே 6144 கோர்கள், ஆனால் 70 வாட்டுக்குள் கட்டிப்போடப்பட்டது. நினைவக வேகம் 280. மிகச் சிறிய கேபினெட்டில் 20 ஜிபி வேண்டும் என்பவருக்கு மட்டும் அது பொருந்தும். சாதாரண டவர் கேபினெட் இருப்பவர் அதற்குக் கூடுதல் பணம் தருவது, இடத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தரும் பணம். அவரிடமோ இடம் தாராளமாக இருக்கிறது.

பழைய ஏ4000ஐ எடுத்துவிட்டு இதைப் பொருத்துவோர் ஒரு இடத்தில் சிக்குகிறார்கள். ஏ4000க்கு 6 பின் கேபிள். 4000 அடாவுக்கு 16 பின். பெரிய நிறுவனங்களின் தயார்நிலைக் கணினிகளில் எஸ்எம்பிஎஸ் அந்தந்த நிறுவனத்தின் சொந்த வடிவம்; வெளியே வாங்கி மாற்ற முடியாது. கேபினெட்டைத் திறந்து எத்தனை கேபிள், எத்தனை பின் என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு, கூடவே அடாப்டர் வருகிறதா என்று கேட்டபிறகு ஆர்டர் போடுங்கள்.

ஜிஃபோர்ஸ் போதாதா?

பல வேலைகளுக்குப் போதும். பிளெண்டர், அன்ரியல், என்ஸ்கேப், டி5 ரெண்டர், டாவின்சி ரிசால்வ், ரெவிட், ஆட்டோகேட் எல்லாம் ஜிஃபோர்ஸில் நன்றாகவே ஓடும். ஒரே பணத்துக்கு ஜிஃபோர்ஸில் கிடைக்கும் கோர்களும் நினைவக வேகமும் எப்போதும் அதிகம். போட்டோஷாப்பில் 10 பிட் நிறம் வேண்டுமென்றால் தொழில்முறைக் கார்டுதான் என்ற பழைய விதியும் 2019இல் ஸ்டூடியோ டிரைவர் வந்தபோதே போய்விட்டது. பிழைதிருத்தும் இசிசி நினைவகம் ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4090இலும் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் அதற்கான தேர்வையே பார்க்கலாம்.

ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தை நம்பியிருக்கும் இயந்திர வடிவமைப்பு மென்பொருள்களில் கதை வேறு. சீமென்ஸ் என்எக்ஸ் இதற்குத் தெளிவான உதாரணம்: ஸ்பெக்வியூபெர்ஃப் 2020 சோதனைத் தொகுப்பின் என்எக்ஸ் பகுதியில் விலை உயர்ந்த ஜிஃபோர்ஸ்கூட விலை குறைந்த தொழில்முறைக் கார்டிடம் பின்தங்கும். சிப்பில் வேறுபாடு இல்லை, டிரைவரில்தான் பூட்டு. சாலிட்ஒர்க்ஸில், மாதிரியை நிஜப் பொருள்போலக் காட்டும் ரியல்வியூ வசதி ஜிஃபோர்ஸில் சாம்பல் நிறமாகவே நிற்கும். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தித் திறக்கும் வழிகள் இணையத்தில் உலவுகின்றன. அடுத்த பதிப்பு நிறுவியதும் அவை உடையும், தொழில்நுட்ப உதவி கேட்டால் முதல் பதிலே "சான்றளிக்கப்பட்ட கார்டு போடுங்கள்" என்பதாக இருக்கும். சாலிட்ஒர்க்ஸ், என்எக்ஸ், கிரியோ, கேட்டியா ஆகியவற்றில் சம்பாதிப்பவர் ஜிஃபோர்ஸ் பக்கம் போக வேண்டாம். மற்றவர்கள் தாராளமாகப் போகலாம், உடல் அளவைப் பார்த்துவிட்டு. 4090இன் என்விடியா வடிவமே 304 மில்லிமீட்டர் நீளம், 137 மில்லிமீட்டர் உயரம், மூன்று ஸ்லாட். 6000 அடாவோ 267 மில்லிமீட்டரில், இரண்டு ஸ்லாட்டில் அடங்கும். பக்கக் கதவு மூடாமல் திறந்தே கிடக்கும் கேபினெட்டுகள் பலவற்றின் காரணம் அந்த 137.

நினைவகக் கணக்கு

ரெண்டரிங்குக்கு எத்தனை ஜிபி வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, போட்டுப் பார்த்துவிடலாம். 4096க்கு 4096 பிக்சல் உள்ள நிறப்படம் ஒன்று, ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம், கார்டின் நினைவகத்தில் 64 எம்பி பிடிக்கும். வட்டில் அது 5 எம்பி ஜேபெக் கோப்பாக இருந்தாலும் கார்டுக்குள் விரிந்துவிடும். ஒரு காட்சியில் 100 மெட்டீரியல்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று படங்கள் என்றால் 300 பெருக்கல் 64, ஆக 19,200 எம்பி. 20 ஜிபி கார்டு டெக்ஸ்சரிலேயே நிரம்பிவிட்டது; மரங்களும் மேசை நாற்காலிகளும் இன்னும் ஏறவில்லை. 8கே படமாக இருந்தால் ஒன்றுக்கு 256 எம்பி.

இதில் கைவைக்க இடமும் உண்டு. தூரத்தில் இருக்கும் பொருள்களின் படங்களை 2048க்குக் குறைத்தால் கால் பங்காகும். எல்லாவற்றையும் குறைத்தால் மேலே சொன்ன காட்சி 4,800 எம்பியில் முடியும். ரஃப்னஸ் போன்ற கறுப்பு வெள்ளைப் படங்களை ஒற்றைச் சேனலாகச் சேமித்தால் 4கே அளவிலும் 16 எம்பிதான். பெரிய கார்டு வாங்கும் முடிவுக்கு முன் அரை நாள் இந்த வேலையைச் செய்து பாருங்கள். குறைத்த பிறகும் போதவில்லை என்றால் வாங்குவதில் தவறில்லை.

நினைவகம் மீறினால் என்ன ஆகும் என்பது மென்பொருளைப் பொறுத்தது. பிளெண்டரின் சைக்கிள்ஸ் கணினி ராமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கும். வேகம் தரையைத் தொடும், அதுவும் போதாதபோது நினைவகம் தீர்ந்தது என்ற பிழையோடு நின்றுவிடும். டாவின்சி ரிசால்வில் 8கே டைம்லைனில் இரைச்சல் நீக்கம் போட்டால் ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்று அதுவே சொல்லும். இரண்டு 24 ஜிபி கார்டு போட்டால் 48 ஆகும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. பெரும்பாலான ரெண்டரர்களில் ஒவ்வொரு கார்டும் காட்சியின் முழு நகலையும் வைத்திருக்கும். வேகம் கூடும், இடம் கூடாது. இரண்டு கார்டுகளின் நினைவகத்தைச் சேர்த்துப் பயன்படுத்த உதவிய, ஏ5000, ஏ6000 கார்டுகளில் இருந்த என்விலிங்க் இணைப்பு அடா தலைமுறையில் எடுக்கப்பட்டுவிட்டது.

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்ட நினைப்பவருக்கும் இதே பெருக்கல்தான். 8 பில்லியன் அளவுருக்கள், 16 பிட் என்றால் 16 ஜிபி. 70 பில்லியன், 4 பிட் என்றால் 35 ஜிபி, அதன் மேல் உரையாடல் நினைவுக்கு இடம். 48 ஜிபி கார்டில் அடங்கும், 32இல் அடங்காது.

பெரிய கார்டுகள்

6000 அடா 48 ஜிபி, 300 வாட், 18,176 கோர்கள், நொடிக்கு 960 ஜிபி. இதற்கு ஏஎம்டியின் பதில் ரேடியான் புரோ டபிள்யூ7900: அதே 48 ஜிபி, 295 வாட், 864. விலை வெகு குறைவு, டிஸ்பிளேபோர்ட் 2.1 உண்டு. ஆனால் முதலில் வந்த வடிவம் மூன்று ஸ்லாட் தடிமன். இரண்டு ஸ்லாட் வடிவம் பிறகு வந்தது, ஆர்டரில் எது என்று குறிப்பிட வேண்டும். கேட் மென்பொருள், பிளெண்டர், ரிசால்வ் இவற்றோடு நிற்பவருக்கு டபிள்யூ7900 நியாயமான தேர்வு. கூடா இல்லாமல் ஓடாதவை பட்டியலில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்: அய்ரே ரெண்டரர் கார்டில் ஓடாது, சிபியுவில்தான் ஊரும்; ரியாலிட்டிகேப்சரில் புகைப்படங்களிலிருந்து மெஷ் எடுக்க முடியாது. அலுவலகத்தில் பயன்படுத்தும் எல்லா மென்பொருள்களையும், மாதம் ஒருமுறை மட்டும் திறப்பவை உட்பட, எழுதிவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆர்டிஎக்ஸ் புரோ 6000 பிளாக்வெல் இரண்டு உடல்களில் வருகிறது. ஒர்க்ஸ்டேஷன் பதிப்பு 600 வாட். மேக்ஸ்-கியூ பதிப்பு 300 வாட். இரண்டிலும் 96 ஜிபி, இரண்டிலும் 24,064 கோர்கள். 600 வாட் பதிப்பின் விசிறிகள் சூட்டைக் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டும். அதன் மேல் ஸ்லாட்டில் இன்னொரு கார்டு வைத்தால் அது கீழ்க்கார்டின் சூடான காற்றைத்தான் சுவாசிக்கும். ஒன்றுக்கு மேல் போடும் திட்டம் இருந்தால் புளோயர் வைத்த மேக்ஸ்-கியூவை எடுங்கள். பாதி மின்சாரத்தில் ஓடுவதால் வேகம் பாதியாகிவிடாது என்பதும் அதன் பக்கம் உள்ள வாதம்.

ஒரு வேலைக்கு மட்டும் இந்தக் கார்டுகள் எதுவும் உதவாது. இரட்டைத் துல்லியக் கணக்கு தேவைப்படும் கட்டமைப்புப் பகுப்பாய்வு போன்றவற்றில் ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் வேகம் ஒற்றைத் துல்லியத்தில் 64இல் ஒரு பங்கு. 6000 அடாவின் 91 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகள் என்ற அளவு) அங்கே 1.4 ஆகிவிடும். அந்த வேலைக்கென்றே உள்ள ஏ800 40ஜிபி ஆக்டிவ் கார்டு 9.7 டெராஃப்ளாப்ஸ் தரும், 240 வாட். அதில் மானிட்டர் போர்ட்டே கிடையாது என்பதால் திரைக்கு ஒரு சிறிய கார்டையும் சேர்த்து வாங்க வேண்டும்.

வீடியோக்காரர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு போதும், ஆனால் முக்கியமானது. கேமராக்கள் தரும் 4:2:2 10 பிட் எச்.265 கோப்புகளை அடாவும் அதற்கு முந்தைய என்விடியா கார்டுகளும் வன்பொருளில் விரிக்காது, 6000 அடாவே ஆனாலும். டைம்லைன் திக்குவதைப் பார்த்துக் கார்டு பழுது என்று எண்ணுவோர் உண்டு. பிளாக்வெல் இதைச் செய்யும். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் சிபியுவிலேயே உள்ள கிராஃபிக்ஸும் செய்யும். அதனால் எடிட்டிங் கணினிக்கு எஃப் என்று முடியும், உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாத இன்டெல் சிபியு வாங்கி அந்த வசதியைத் தொலைக்காதீர்கள்.

பொருத்தும்போது

16 பின் கேபிள் எளிதாகக் கெடுக்கும் இடம். 4090 வெளிவந்த 2022இலேயே இந்த இணைப்பான்கள் உருகிய செய்திகள் வந்தன. முழுதாகச் செருகப்படாத இணைப்பானில் மின்தடை கூடிச் சூடேறியது முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. பின்னர் வந்த 12வி-2x6 வடிவத்தில் மின் பின்கள் நீண்டன, உணர் பின்கள் குட்டையாயின. சரியாகச் செருகாவிட்டால் கார்டு மின்சாரம் கேட்காமல் இருப்பதற்காக. கார்டை ஸ்லாட்டில் போடுவதற்கு முன்பே, வெளியே வைத்துக்கொண்டு கேபிளைச் செருகிப் பார்த்தால் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது கைக்குப் பழகிவிடும். இணைப்பானுக்கும் கார்டுக்கும் நடுவே கோடளவு இடைவெளியும் தெரியக் கூடாது. இணைப்பானிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கேபிளை வளைக்காதீர்கள். அடாப்டர் பயன்படுத்தினால் அதன் ஒவ்வொரு 8 பின்னுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கேபிள். ஒரே கேபிளில் தொங்கும் இரட்டைத் தலைகளை அதில் செருகக் கூடாது.

ஏ6000க்கு இன்னொரு வினோதம் உண்டு. அதில் இருக்கும் 8 பின் துளை சிபியுவுக்குப் போகும் வகையைச் சேர்ந்தது, சாதாரண கிராஃபிக்ஸ் கேபிள் பொருந்தாது. பழைய கார்டாக வாங்கினால் கூடவே வந்த அடாப்டரையும் கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் கணக்கு: சிபியுவின் உச்சம், கார்டின் உச்சம், மற்றவற்றுக்கு 100 வாட், எல்லாம் கூட்டி அதன் மேல் கால் பங்குக்குக் குறையாமல். 250 வாட் சிபியுவும் 300 வாட் கார்டும் என்றால் 650. 850 வாட் எஸ்எம்பிஎஸ் போடுங்கள். 575 வாட் இழுக்கும் ஜிஃபோர்ஸ் 5090க்கு என்விடியாவே 1000 வாட் கேட்கிறது. பெரிய நினைவகக் கார்டு போட்டபின் கணினி திரையே காட்டாமல் நின்றால், பழைய கார்டில் பூட் செய்து பயாஸில் 'அபவ் 4ஜி டீகோடிங்' இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு 48 ஜிபி கார்டுகள் போடும் கணினிகளில் இது அடிக்கடி வரும்.

டிரைவரில் புதியதுதான் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது. உங்கள் மென்பொருளின் பதிப்புக்குச் சான்றளிக்கப்பட்ட டிரைவர் எண்ணைத் தேடி எடுத்து, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் கருவியைக் கொண்டு பழைய டிரைவரை முழுதாக நீக்கி, அதன்பின் நிறுவுங்கள். இணைப்பைத் துண்டிக்காவிட்டால் நீங்கள் மறுபடி பூட் ஆகி வருவதற்குள் விண்டோஸ் அப்டேட் தன் கையிலிருக்கும் டிரைவரைத் திணித்திருக்கும். சாலிட்ஒர்க்ஸில் கோடுகள் மறைவது, முகங்கள் கிழிவது போன்ற கோளாறு கார்டாலா மென்பொருளாலா என்று பிரிக்க, எல்லாக் கோப்புகளையும் மூடிவிட்டு சிஸ்டம் ஆப்ஷன்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'யூஸ் சாஃப்ட்வேர் ஓப்பன்ஜிஎல்' என்பதை டிக் செய்து பாருங்கள். ஒரு கோப்பு திறந்திருந்தாலும் அந்தத் தேர்வு சாம்பல் நிறத்தில் இருக்கும். கோளாறு மறைந்தால் கார்டோ டிரைவரோ காரணம், நீடித்தால் கோப்பு.

கனமான ரெண்டர் நடுவில் திரை ஒரு கணம் கறுத்து, மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டால் பெரும்பாலும் அது டிடிஆர் என்னும் காவல் ஏற்பாடு: கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீட்டமைத்துவிடும். ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே மதிப்பை 60 ஆக்கினால் நிற்கும். அப்படி மாற்றிய பிறகும் தொடர்ந்தால் மின்சாரத்தையும் சூட்டையும் சந்தேகியுங்கள்.

பழைய கார்டு வாங்கலாமா?

ஏ4000, ஏ5000, ஏ6000 வரை வாங்கலாம். அதற்கு முந்தைய குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் வரிசை, விலை மிகக் குறைந்தால் மட்டும். பி2000, பி4000 போன்ற பாஸ்கல் கார்டுகளும் எம் என்று தொடங்கும் மேக்ஸ்வெல் கார்டுகளும் இப்போது வேண்டாம். மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூன்றுக்கும் 580தான் கடைசி டிரைவர் வரிசை. அதன்பின் 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். கூடா 13 இவற்றை அடியோடு விட்டுவிட்டது, ஆக ரெண்டரர்களின் புதிய பதிப்புகள் ஒவ்வொன்றாக இவற்றைக் கைவிடும். குவாட்ரோ ஜிவி100 வோல்டாவாக இருந்தாலும் இரட்டைத் துல்லியக் கணக்குக்கு இன்னும் வேகமானது. பழைய பதிப்பிலேயே நிற்கத் தயாரான பகுப்பாய்வாளருக்கு மட்டும் அது பொருந்தும்.

கையில் வாங்கும் முன் கார்டை 20 நிமிடமாவது முழுச் சுமையில் ஓட விட்டுப் பாருங்கள். புளோயர் விசிறியில் உரசல் சத்தம் கேட்டால் மாற்று விசிறி கிடைப்பது கடினம் என்பதால் விட்டுவிடலாம். நான்கு போர்ட்டிலும் தனித்தனியாகத் திரையை மாட்டிப் பாருங்கள். இசிசி வசதி உள்ள கார்டில் அதை இயக்கி மறுபடி பூட் செய்து, சுமை ஏற்றியபின் டிரைவரோடு வரும் என்விடியா-எஸ்எம்ஐ கருவியின் அறிக்கையில் திருத்த முடியாத பிழைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது பூஜ்யமாக இல்லை என்றால் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தக் கார்டு வேண்டாம்.